17 என்பது 11 ஆனால்: முதியோரின் மனச்சோர்வில் முன்னேற்றத்தை எப்படி அளக்கிறார்கள்?

மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கும் முதியவரின் கோப்பில் முதல் சந்திப்பில் 17 என்று ஒரு மதிப்பெண் எழுதியிருக்கிறது. ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் 11. மருத்துவர் "முன்னேற்றம் தெரிகிறது" என்கிறார். வீட்டில் இருப்பவர்களுக்கோ ஒரு மாற்றமும் தெரியவில்லை. சில வீடுகளில் இதற்கு நேர்மாறாக நடக்கும். மனிதர் மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார், மதிப்பெண் மட்டும் அப்படியே நிற்கும். எதை நம்புவது என்று குடும்பம் திணறுகிறது. பல சமயம் மருத்துவக் குழுவுக்குள்ளேயே இந்தக் கேள்வி வருகிறது.

சர்க்கரை நோய்க்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனச்சோர்வின் கடுமையை அப்படி அளந்து சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ மருத்துவ நடைமுறையில் இல்லை. கேள்விகள் கேட்டு, பதில்களுக்கு எண் கொடுத்து, கூட்டிப் பார்ப்பதுதான் வழி. அதனால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. எந்தக் கேள்விகளால் ஆனது, யார் கேட்டார், எந்தக் கேள்வியில் இறங்கியது என்பது தெரிந்தால் அது நிறையச் சொல்லும். தெரியாவிட்டால் எளிதில் ஏமாற்றிவிடும். வயதானவர்கள் விஷயத்தில் ஏமாறும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

## கண்டுபிடிப்பதும் கண்காணிப்பதும் ஒன்றல்ல

"இவருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடுமா?" என்று சலித்துப் பார்ப்பது ஒரு வேலை. "போன மாதத்தைவிட இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது?" என்று தொடர்ந்து அளப்பது வேறு வேலை. முதல் வேலைக்கென்று செய்த கருவி இரண்டாவதற்கும் அதே அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. நடைமுறையில் இரண்டுக்கும் ஒரே தாளை நீட்டிவிடுகிறார்கள். குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

அடிக்கடி கண்ணில் படும் அளவுகோல்கள் இவை:

1. ஜிடிஎஸ். முதியோருக்கென்றே உருவான மனச்சோர்வு அளவுகோல். 1980-களின் தொடக்கத்தில் யெசாவேஜும் அவருடைய குழுவினரும் 30 கேள்விகளோடு இதை உருவாக்கினார்கள். 1986-ல் 15 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் வந்தது. எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்பதே பதில். தூக்கம், பசி போன்ற உடல் சார்ந்த கேள்விகளை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு அவை வேறு காரணங்களாலும் கெடும் என்பதே அதற்குக் காரணம். மிக நல்ல யோசனை. ஆனால் ஆம்–இல்லை என்ற அமைப்புக்கு ஒரு விலை உண்டு. வாரம் முழுக்க நம்பிக்கையற்றுக் கிடந்தவர் இப்போது இரண்டு நாள் மட்டும் அப்படி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டால் இன்றும் "ஆம்" என்றுதான் சொல்வார். அவருக்குள் நடந்த பெரிய மாற்றம் தாளில் பதிவாகாது.

2. ஹாமில்டன் அளவுகோல். 1960-ல் மாக்ஸ் ஹாமில்டன் வெளியிட்டது. பயிற்சி பெற்றவர் பேட்டி எடுத்து மதிப்பெண் போட வேண்டும். பரவலாகப் பயன்படும் வடிவத்தில் 17 கூறுகள், உச்ச மதிப்பெண் 52. மருந்து ஆய்வுகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது இதுதான்.

3. மேட்ரஸ். 1979-ல் மாண்ட்கோமரியும் ஓஸ்பெர்க்கும் உருவாக்கியது. 10 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, உச்சம் 60. சிகிச்சையின்போது எந்த அறிகுறிகள் நன்றாக அசைகின்றன என்று பார்த்து, அவற்றை மட்டும் பொறுக்கி அமைத்தார்கள். கண்காணிப்பதையே நோக்கமாக வைத்துப் பிறந்த அளவுகோல் இது.

4. பிஎச்க்யூ-9. 2001-ல் வந்தது. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இந்தத் தொல்லை இருந்தது என்று கேட்டு 0 முதல் 3 வரை போடுவார்கள், உச்சம் 27. 5, 10, 15, 20 ஆகியவை கடுமையின் படிநிலை எல்லைகள். நோயாளியே நிரப்பலாம், சில நிமிடம் போதும்.

5. கார்னெல் அளவுகோல். 1988-ல், மறதிநோய் உள்ளவர்களின் மனச்சோர்வை அளப்பதற்காக வந்தது. 19 கூறுகள், உச்சம் 38. நோயாளியிடமும் கவனித்துக்கொள்பவரிடமும் கேட்டே மதிப்பெண் போடுவார்கள்.

ஒன்றில் 17, இன்னொன்றில் 17 என்றால் இரண்டும் ஒன்றல்ல என்பது இதிலேயே தெரிந்துவிடும். முதல் சந்திப்பில் ஒரு தாள், அடுத்ததில் வேறொரு தாள் என்றால் ஒப்பிடுவதற்கு எதுவுமே இல்லை.

## எவ்வளவு இறங்கினால் அது இறக்கம்?

ஒரே ஆளிடம் ஒரே கேள்விகளை இரண்டு நாள் இடைவெளியில் கேட்டால்கூட மதிப்பெண் கொஞ்சம் மாறும். நேற்று மூட்டுவலி இருந்தது, இன்று இல்லை. நேற்று மகள் வந்திருந்தாள், இன்று வரவில்லை. நோய் மாறவில்லை, பதில் மாறியிருக்கிறது. இதை அளவீட்டுப் பிழை என்கிறார்கள். யாரோ தவறு செய்ததாக இதற்குப் பொருள் இல்லை. இத்தகைய எல்லாக் கருவிகளிலும் இது கலந்தே இருக்கும்.

ஆகவே முதல் கேள்வி: வந்திருக்கும் மாற்றம் இந்த அளவீட்டுப் பிழையைவிடப் பெரிதா? 1991-ல் ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் முன்வைத்த 'நம்பத்தகுந்த மாற்றக் குறியீடு' இதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம்.

1. ஒரு குழுவில் மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவும் அளவு 5 (திட்ட விலக்கம்) என்றும், கருவியின் நம்பகத்தன்மை (1 என்றால் அளவீட்டுப் பிழையே இல்லை என்று பொருள்) 0.84 என்றும் கொள்வோம்.
2. ஒருமுறை அளப்பதில் வரும் பிழை: 1-லிருந்து 0.84-ஐக் கழித்தால் 0.16. அதன் வர்க்கமூலம் 0.4. அதை 5-ஆல் பெருக்கினால் 2.
3. நாம் இரண்டு முறை அளந்து கழிக்கிறோம், பிழை இரண்டிலும் இருக்கிறது. ஆக, 2-ஐ 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 2.83.
4. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் அதை 1.96-ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 5.5.

இந்தக் கணக்குப்படி 17-லிருந்து 11 வந்தால் (6 புள்ளி) மாற்றம் உண்மை என்று சொல்லலாம், அதுவும் மயிரிழையில். 14-லிருந்து 10 வந்தால் சொல்ல முடியாது. நான்கு புள்ளி குறைந்ததும் கொண்டாடுவதும், நான்கு புள்ளி கூடியதும் மருந்தை மாற்றச் சொல்வதும் இதனால்தான் அவசரம். பிஎச்க்யூ-9-ல் 5 புள்ளி மாற்றத்தைச் சிகிச்சை நோக்கில் பொருட்படுத்த வேண்டியது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம்.

மருத்துவர்கள் வேறு இரண்டு அளவுகளையும் வைத்திருக்கிறார்கள். தொடக்க மதிப்பெண்ணில் பாதியோ அதற்கு மேலோ குறைந்தால் 'ரெஸ்பான்ஸ்', அதாவது சிகிச்சைக்குப் பலன் கிடைத்திருக்கிறது. குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே வந்துவிட்டால் 'ரெமிஷன்', அதாவது நோய் தணிந்திருக்கிறது. அந்த எல்லை ஹாமில்டனில் 7 அல்லது அதற்குக் கீழ், மேட்ரஸில் பல ஆய்வுகளில் 10 அல்லது அதற்குக் கீழ், பிஎச்க்யூ-9-ல் 5-க்குக் கீழ்.

நம் 17 → 11, பிஎச்க்யூ-9 மதிப்பெண் என்று வைத்து இவற்றில் பொருத்திப் பாருங்கள். ஐந்து புள்ளி விதிப்படி முன்னேற்றம். குறியீட்டுக் கணக்குப்படி மயிரிழையில் முன்னேற்றம். சதவீதத்தில் 35 மட்டுமே, ஆகவே பலன் என்ற பட்டியலில் வராது. தணிவு இன்னும் தூரத்தில் இருக்கிறது. மருத்துவர் சொன்னதும் சரி, குடும்பம் தயங்கியதும் சரி. அவர்கள் கையில் வைத்திருக்கும் கோல்கள்தான் வேறு.

சதவீதக் கணக்கில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 10-லிருந்து 5 ஆனவர் 'பலன் பெற்றவர்'. 24-லிருந்து 13 ஆனவர் 11 புள்ளி இறங்கியும் 46 சதவீதம்தான் என்பதால் பெறாதவர். யார் அதிக தூரம் வந்திருக்கிறார்கள் என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரண்டாமவர் இன்னும் நடுத்தரக் கடுமையில்தான் இருக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது.

## எந்தக் கேள்வி அசைந்தது?

பெரும்பாலோர் கூட்டுத்தொகையோடு நின்றுவிடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துப் போக வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்: முதியவர் விஷயத்தில் மொத்தத்தைப் பார்த்தது போதாது, ஒவ்வொரு வரியையும் பார்க்க வேண்டும்.

பிஎச்க்யூ-9-ஐ நிரப்பிய இரண்டு கற்பனை நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் தொடக்கத்தில் ஒரே பதில்கள்: ஆர்வமின்மை 2, மனம் சோர்ந்திருத்தல் 2, தூக்கக் கோளாறு 3, களைப்பு 3, பசி மாற்றம் 2, தன்னைத் தாழ்வாக நினைத்தல் 1, கவனச் சிதறல் 2, மந்தம் அல்லது பதற்றம் 1, சாவதே மேல் என்ற எண்ணம் 1. மொத்தம் 17.

முதலாமவர், ஆறு வாரம் கழித்து: தூக்கம் 1, களைப்பு 1, பசி 0. மற்ற ஆறு வரிகளும் முன்போலவே. மொத்தம் 11.

இரண்டாமவர், ஆறு வாரம் கழித்து: ஆர்வமின்மை 1, மனச்சோர்வு 1, பசி 1, தாழ்வு எண்ணம் 0, கவனம் 1, சாவு எண்ணம் 0. தூக்கமும் களைப்பும் முன்போலவே 3, 3. மந்தம் 1. மொத்தம் 11.

தாளின் அடியில் இருவருக்கும் ஒரே எண். முதலாமவர் நன்றாகத் தூங்குகிறார், சாப்பிடுகிறார், ஆனால் வாழ்வதில் ஆர்வம் திரும்பவில்லை, சாவைப் பற்றிய எண்ணமும் போகவில்லை. இரண்டாமவரின் மனம் திறந்திருக்கிறது. அவருக்கு இன்னும் தூக்கமில்லை, களைப்பு இருக்கிறது, ஒருவேளை அது இதய நோயாலோ இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதாலோ இருக்கலாம். அடுத்து எடுக்க வேண்டிய நடவடிக்கை இருவருக்கும் முற்றிலும் வேறு. முதலாமவருக்கு மனச்சோர்வுச் சிகிச்சையையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். இரண்டாமவருக்கு அதே சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டு, தூக்கம் கெடுவதன் காரணத்தைத் தேட வேண்டும்.

இதனால்தான் ஹாமில்டன் மதிப்பெண்ணை முதியவரிடம் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். அதில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று கூறுகள்: தூக்கம் வரத் தாமதம், நடுவில் விழிப்பு, விடியலுக்கு முன்பே விழிப்பு. ஒவ்வொன்றுக்கும் உச்சம் 2, ஆக மொத்தம் 6. சோகமான மனநிலை என்ற கூறுக்கு உச்சமே 4. தூக்கம் தரும் மருந்து ஒன்று, மனதைத் தொடாமலேயே ஆறு புள்ளி வரை இறக்கிக் காட்ட முடியும்.

உடல் கேள்விகளை ஒதுக்கிய ஜிடிஎஸ்கூட முழுதாகத் தப்பிக்கவில்லை. வெளியே போய்ப் புதிய காரியங்கள் செய்வதைவிட வீட்டிலேயே இருப்பதை விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி அதில் உண்டு. முழங்கால் தேய்ந்தவர், சிறுநீர் அடக்க முடியாதவர், காது சரியாகக் கேட்காதவர் எல்லோரும் "ஆம்" சொல்லலாம். மனச்சோர்வு முழுக்கத் தணிந்த பிறகும் அந்த "ஆம்" மாறாது.

சாவு எண்ணம் பற்றிய வரியைத் தனியாகவே சொல்ல வேண்டும். மொத்தம் எவ்வளவு இறங்கியிருந்தாலும் அந்த ஒரு வரியில் 0 அல்லாத எண் இருந்தால், அன்றே, அந்தச் சந்திப்பிலேயே, நேரடியாகப் பேச வேண்டும். உலகின் பல நாடுகளில் தற்கொலை விகிதம் மிக அதிகமாக இருப்பது முதிய ஆண்களிடம். ஜிடிஎஸ்-ல் தற்கொலை பற்றிய நேரடிக் கேள்வியே கிடையாது. அதை மட்டும் நம்பிக் கண்காணிப்பவர்கள் இதை வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

## மருந்தே எண்ணை அசைக்கும்போது

சிகிச்சை இரண்டு திசையிலும் மதிப்பெண்ணைத் திருகும். மிர்டாசபின் போன்ற மனச்சோர்வு மருந்து தூக்கத்தையும் பசியையும் கூட்டும். அதனால் எண் சீக்கிரம் இறங்கும். எதிர்த் திசையில் நடப்பது இன்னும் முக்கியம். எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மருந்துகள் முதியவர்களில் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இது வரும். சோடியம் குறைந்தவருக்குக் களைப்பு, கவனமின்மை, மந்தம், பசியின்மை. இவை அத்தனையும் கேள்வித்தாளில் இருப்பவை! மதிப்பெண் ஏறும், "மருந்து போதவில்லை" என்று தோன்றும், மாத்திரையைக் கூட்டுவார்கள், சோடியம் இன்னும் இறங்கும். முதியவரின் மதிப்பெண் திடீரென ஏறினால் மாத்திரையின் அளவைத் தொடும் முன் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

தைராய்டு சுரப்பு குறைவு, ரத்தசோகை, புதிதாகத் தொடங்கிய வேறு மருந்து, பார்கின்சன் நோய் எல்லாமே இதே வரிகளை ஏற்றும்.

## மறதி சேர்ந்து வந்தால்

"கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்?" என்பது நினைவாற்றலைச் சார்ந்த கேள்வி. நினைவு தளர்ந்தவர் இந்த நிமிடத்து மனநிலையை வைத்தே இரண்டு வாரத்துக்கும் பதில் சொல்வார். மறதிநோய் முற்ற முற்ற ஜிடிஎஸ் போன்ற தானே பதில் சொல்லும் தாள்களின் நம்பகத்தன்மை சரியும். அப்போது கார்னெல் போன்ற, கூட இருப்பவரையும் கேட்கும் அளவுகோல் வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். கவனித்துக்கொள்பவர் களைத்துப்போயிருந்தால், அவருக்கே மனச்சோர்வு இருந்தால், நோயாளியின் நிலையைக் கூடுதல் மோசமாகச் சொல்லும் போக்கு உண்டு. சென்ற முறை மகன் பதில் சொன்னார், இந்த முறை மருமகள் சொல்கிறார் என்றால், மதிப்பெண்ணில் வந்த மாற்றம் யாருடையது என்றே தெரியாது.

மறதியோடு ஒட்டி வரும் இன்னொன்று அக்கறையின்மை. எதிலும் முனைப்பு இல்லாமல் இருப்பார், ஆனால் துக்கமோ குற்ற உணர்வோ இராது. ஆர்வமின்மைக் கேள்வியில் இது மனச்சோர்வைப் போலவே பதிவாகும். மனச்சோர்வு மருந்துக்கு அசையாத ஆர்வமின்மையைப் பார்த்தால் இந்தச் சாத்தியத்தையும் யோசிக்க வேண்டும்.

## ஒப்பிடத்தக்க அளவீட்டுக்கு

1. எப்போதும் ஒரே அளவுகோல், முடிந்தால் கேட்பவரும் ஒருவரே.
2. ஏறக்குறைய அதே நேரம். சில வகை மனச்சோர்வு காலையில் கடுமையாகவும் மாலையில் தணிந்தும் இருக்கும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்தால் இல்லாத முன்னேற்றம் தெரியும்.
3. மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். கேள்வி சரியாகக் காதில் விழாதவர் மரியாதைக்காகத் தலையாட்டுவார்.
4. கொஞ்ச நேரமாவது தனியாகக் கேளுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "நான் பாரமாக இருக்கிறேன்" என்று எந்தப் பெற்றவரும் எளிதில் சொல்ல மாட்டார்.
5. சிகிச்சை தொடங்கும் முன்பு ஒருமுறை அளந்தே ஆக வேண்டும், இயன்றால் இரண்டு முறை. மிக மோசமான நாளில்தான் ஆட்கள் மருத்துவரிடம் வருகிறார்கள். அந்த உச்சத்திலிருந்து எண் தானாகவே ஓரளவு இறங்கும். இரண்டு முறை அளந்தால், சிகிச்சை இல்லாமலேயே வந்திருக்கக்கூடிய இறக்கம் எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும்.
6. அப்புறம், பொறுமை. முதியவர்களுக்கு மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகவே கூட்டுவார்கள், முழுப் பலன் தெரிய இளையவர்களைவிடக் கூடுதல் வாரங்கள் ஆகலாம். ஆனால் சரியான அளவில் நான்கு வாரம் போயும் துளிகூட அசைவில்லை என்றால் காத்திருப்பது மட்டும் போதாது, மருத்துவரோடு பேச வேண்டும்.

## ஆய்வுச் செய்திகளை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,801 பேரை வைத்து நடந்த 'இம்பாக்ட்' ஆய்வின் முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக, குடும்ப மருத்துவரோடு சேர்ந்து ஒரு பராமரிப்பு மேலாளர் நோயாளியைத் தொடர்ந்து கண்காணித்து, பலன் இல்லையென்றால் சிகிச்சையை மாற்ற வழிசெய்யும் முறையைச் சோதித்தார்கள். 12 மாத முடிவில், அறிகுறிகள் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் இந்த முறையில் 45 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19 சதவீதம். இரண்டு மடங்குக்கும் மேல் என்பது பெரிய வெற்றி. இதன் மறுபக்கத்தையும் படியுங்கள்: நல்ல குழுவிலேயே பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வருடத்தில் அந்த எல்லையைத் தொடவில்லை. "சிகிச்சை வேலை செய்கிறது" என்ற தலைப்புக்குள் இரண்டு செய்தியும் அடங்கியிருக்கின்றன.

2023-ல் வெளிவந்த 'ஆப்டிமம்' ஆய்வு இன்னொரு வகையில் கவனத்துக்குரியது. முந்தைய மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள முதியவர்களை எடுத்துக்கொண்டு, மருந்துத் திட்டங்களை ஒப்பிட்டது. முதன்மை அளவீடாக அவர்கள் வைத்தது அறிகுறி மதிப்பெண் அல்ல. வாழ்க்கையில் திருப்தி, பொருள், நேர்மறை உணர்வு ஆகியவை சேர்ந்த மனநலன் அளவு. மேட்ரஸ் மதிப்பெண் இரண்டாமிடத்தில்தான் இருந்தது. கூடவே, கீழே விழுந்தவர்களின் எண்ணிக்கையையும் கணக்கெடுத்தார்கள். இருந்த மருந்தோடு அரிப்பிப்ரசோல் சேர்த்தவர்களில் 28.9 சதவீதமும் புப்ரோபியான் சேர்த்தவர்களில் 28.2 சதவீதமும் தணிவு கண்டார்கள். அறிகுறி எண்ணில் கிட்டத்தட்டச் சமம். ஆனால் புப்ரோபியான் சேர்த்தவர்களிடம் விழுதல் அதிகமாக இருந்தது. எழுபது வயதில் ஒரு விழுதல் என்றால் இடுப்பெலும்பு முறிவாக முடியலாம். அறிகுறிகளை மட்டும் அளந்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆய்விலிருந்து நடுவில் விலகியவர்கள் எத்தனை பேர் என்பதையும் தேடிப் பாருங்கள். முதியோர் ஆய்வுகளில் விலகுபவர்கள் உடல்நிலை மோசமானதால் விலகியிருக்கக்கூடும். கடைசி வரை இருந்தவர்களின் சராசரியை மட்டும் எடுத்தால் படம் அழகாகத்தான் இருக்கும்.

## எல்லைக்குக் கீழே வந்த பிறகு

பிஎச்க்யூ-9 மதிப்பெண் 4 ஆகிவிட்டது, சரி, இனி அளக்க வேண்டாம் என்று நிறுத்திவிடுவது வழக்கமாக நடக்கிறது. முதியவர்களுக்கு மனச்சோர்வு திரும்ப வருவது சாதாரணம். அந்த 4 எந்த வரிகளில் மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். தணிவுக்குப் பின்னும் தூக்கமின்மையோ பதற்றமோ தங்கியிருப்பவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதல். பதற்றத்தைப் பிஎச்க்யூ-9 நேரடியாகக் கேட்பதில்லை, அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். தணிந்த பிறகும் மாதக்கணக்கில், பலருக்கு ஒரு வருடம் வரையிலும் அதற்கு மேலும் மருந்தைத் தொடரச் சொல்வார்கள். அந்தக் காலம் முழுவதும், மருந்தைக் குறைக்கத் தொடங்கிய பிறகும், அதே தாளை இடைவெளி விட்டு நிரப்பி, பழைய தாள்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு வைத்துக்கொண்டால், நோய் மறுபடி தலைகாட்டும்போது எந்த வரி முதலில் ஏறுகிறது என்பது அந்த ஒருவரைப் பொறுத்தவரை தெரிந்துவிடும். சிலருக்குத் தூக்கம், சிலருக்கு ஆர்வம். அடுத்த முறை அந்த வரி ஒரு புள்ளி ஏறும்போதே மருத்துவரைப் பார்க்கலாம்.